வரைபடப் பாடத்தை வெளியே நடத்துங்கள்: புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புவியியல் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். வரைபடப் பாடத்தில் இரண்டு வகுப்புகளையாவது வெளியில் நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதற்கு ஜியோகேச்சிங் என்ற தேடல் விளையாட்டு மிகவும் பொருத்தமானது. ஒருவர் ஒரு டப்பாவை மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தருவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. உடனே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து எண்களை இணையத்தில் போட்டார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

இதில் பிள்ளைகள் கற்பதைப் பாருங்கள். எண்களைப் பெரும்பாலும் பாகை, நிமிடம், நிமிடத்தில் மூன்று தசம இடங்கள் என்று எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1,852 மீட்டர். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட நகராது. அதற்கு முந்தையதில் மாறினால் 18 மீட்டர் தள்ளிப்போய் வேறொரு மரத்தடியில் நிற்போம். 10 பாகை 30.500 நிமிடம் என்பதை 10.30500 பாகை என்று கருவியில் அடித்தால் 22 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். தசம இடத்தின் மதிப்பைக் காலால் நடந்து உணரும் பிள்ளைக்கு அது மறக்காது.

ஒரு வேண்டுகோள்: போனை முதலிலேயே கையில் கொடுத்துவிடாதீர்கள். அம்புக்குறியைப் பார்த்தபடியே நடந்தால் எந்த வழியாக வந்தோம் என்றுகூடத் தெரியாது. முதலில் காகித வரைபடத்தில் புள்ளியைக் குறிக்கட்டும். அளவையை வைத்துத் தூரத்தைக் கணக்கிடட்டும், காம்பஸால் திசை பிடிக்கட்டும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் நேர்வழி செங்குத்தான ஏற்றம், சுற்றிப்போவதே மேல் என்று அவர்களே முடிவுசெய்யட்டும். கடைசி முப்பது மீட்டருக்கு ஜிபிஎஸ் போதும். அங்கேயும் கருவி சில மீட்டர் தடுமாறும். அடர்ந்த மரங்களும் உயரமான சுவர்களும் சிக்னலைக் கெடுக்கும். அப்புறம் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

தேடுவதைவிட ஒளித்துவைப்பதில்தான் பாடம் அதிகம் என்பது என் எண்ணம். ஒரே இடத்தில் பலமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும், குறிப்பைத் தெளிவாக எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அடுத்த குழு வந்து கேட்கும்! ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவதைவிட இது சீக்கிரம் பதியும்.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதே. பள்ளி வளாகத்திலேயே தொடங்கலாம். வெளியிடம் என்றால் இடத்துக்குரியவரிடம் அனுமதி வாங்குங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டாம், உணவுப் பொருள் வைக்க வேண்டாம். டப்பாவின் மேல் இது என்ன, யார் வைத்தது என்று எழுதி ஒட்டுங்கள். நாலைந்து பேருக்கு ஒரு கருவி இருந்தால் சரி. வரும் பருவத்துக்கான பாடத்திட்டத்தை எழுதும்போது அந்த இரண்டு வகுப்புகளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
வரைபடங்களை நேசிக்கும் ஒருவர்