இரண்டாம் கட்டுக்கு ஒரு கேபிள்

தஞ்சாவூர்

அன்புள்ள செல்விக்கு,

நீ கையால் வரைந்து அனுப்பிய காரைக்குடி வீட்டு வரைபடமும், ஒவ்வோர் இடத்திலும் நின்று எடுத்த வைஃபை சிக்னல் அளவுகளும் கிடைத்தன. உன் அறையில் வைஃபை சரியாக எட்டாததற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தேன். தொலைபேசியில் பாதி கேட்காமல் போகிறது என்பதால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று: புதிதாக இன்னொரு ரிப்பீட்டர் வாங்கப்போவதாகச் சொன்னாயே, அதை வாங்காதே. இருப்பதையும் கழற்றி வை.

காரணம் உன் வரைபடத்திலேயே இருக்கிறது. முகப்பில் ரவுட்டருக்கு அருகே மைனஸ் 42. நடு முற்றமான வளவில் மைனஸ் 61. அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுக்குள் நுழைந்ததும் மைனஸ் 76. நீ உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் மைனஸ் 83. சிக்னலின் சக்தியைச் சொல்லும் இந்த அளவுக்குப் பெயர் டி.பி.எம். பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். வீடியோ பேச்சு தடையில்லாமல் நடக்க ஏறத்தாழ மைனஸ் 67 வேண்டும். உன் மேசைக்கு வருவது அதில் நாற்பதில் ஒரு பங்கு. கூட்டம் பாதியில் அறுந்துபோவதில் வியப்பில்லை. அத்தனை தூரம் அது வந்து சேர்வதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது? தேய்ந்துபோன அதே சிக்னலைக் காற்றில் வாங்கி, மறுபடியும் காற்றிலேயே அனுப்புகிறது. ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். உன் தொலைபேசியில் நான்கு கோடும் நிறைந்து தெரியும், ஆனால் வேலை நடக்காது. அந்தக் கோடுகள் உனக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலுள்ள நிலையைத்தான் காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் முகப்புக்கும் நடுவே இருக்கும் சுவரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

காரைக்குடி வீட்டுச் சுவர் என்றால் எப்படிப்பட்ட சுவர் என்று உனக்கே தெரியும். ஒரு முழத்துக்குக் குறையாத செங்கல் கட்டு, மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அது 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. அலை குறுகக் குறுக, சுவரைக் கடக்கும்போது இழப்பு கூடும். ஆகவே வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் உன் அறையை எட்டவே எட்டாது. எட்டுவது 2.4 மட்டும்தான், அதுவும் மூன்று சுவர்களில் தேய்ந்து. வழியில் நிற்கும் அந்த இரும்பு பீரோவையும் கணக்கில் சேர்த்துக்கொள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். கம்பி போகக்கூடிய இடம்வரை கம்பியில் கொண்டுபோ. கடைசிப் பத்தடியை மட்டும் காற்றிடம் விடு. முகப்பு ரவுட்டரிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவி, வைத்தால் போதும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர்வரை குறைவில்லாமல் வேலை செய்யும். உன் வரைபடத்தின்படி வளவைச் சுற்றி வந்தாலும் ஐம்பது மீட்டரைத் தாண்டாது.

அதற்கென்று தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. சென்னை வீட்டில் வைத்திருந்த பழைய ரவுட்டர் உன்னிடம் இருக்கிறது அல்லவா? அதுவே ஆக்ஸஸ் பாயிண்டாக உழைக்கும். ஆனால் அதை ரவுட்டர் வேலை செய்யவிடாமல் தடுக்க வேண்டும். இரண்டு ரவுட்டர்கள் ஒரே வீட்டில் தனித்தனியாக ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்க ஆரம்பித்தால், எந்தக் கருவி யாரிடம் முகவரி வாங்கியது என்று தெரியாமல் ஒன்றுக்கு இணையம் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. அந்தக் குழப்பத்தில் கோளாறைத் தேடுவது பெரும்பாடு.

பழைய ரவுட்டரை வேறெதனுடனும் இணைக்காமல், மடிக்கணினியை மட்டும் கேபிளால் அதனுடன் இணை. அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்ஸஸ் பாயிண்ட் மோட்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடு, முகவரி வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும், வைஃபை பெயர், கடவுச்சொல், சானல் மட்டும் நீ வைக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வைஃபை பெயர், கடவுச்சொல், சானல் (அலைவரிசைக்குள் உள்ள தடம்) மூன்றையும் கீழே சொல்வதுபோல் மாற்று. அடுத்து அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று ஆக்கு. முகப்பில் இருப்பது 192.168.1.1, இரண்டுக்கும் ஒரே முகவரி இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான், மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை நிறுத்த வேண்டும். அதை முதலில் நிறுத்திவிட்டால் உன் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காது, அமைப்புப் பக்கத்துக்குள் திரும்ப நுழைய முடியாமல் தவிப்பாய். முகப்பிலிருந்து வரும் கேபிளை, நிறம் மாறித் தனியாக இருக்கும் வேன் (WAN) துளையில் செருகாதே. வரிசையாக நான்கு இருக்கும் பார், அந்த லேன் (LAN) துளைகளில் ஒன்றில் செருகு.

கேபிள் வாங்கும்போது கவனமாக இரு. தரத்தைக் காட்டும் காட் 6 (Cat 6) என்று உறையில் அச்சடித்திருந்தாலும் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி இருப்பதுண்டு. விலை மலிவு, தடை அதிகம், வளைத்தால் சட்டென்று முறியும். கடையிலேயே ஒரு முனையைச் சீவிக் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடு. வளவோரமாகப் போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள்தான் வேண்டும்.

அதன் உள்ளே நான்கு ஜோடிகள் இருக்கும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. தொலைபேசி இணைப்பகத்தில் நான் வேலை பார்த்தபோது நிலத்தடிக் கேபிள்களில் நாங்கள் எண்ணிய வரிசையும் இதேதான். அங்கே ஐந்தாவதாகச் சாம்பல் வரும், அவ்வளவே வேறுபாடு. எத்தனை மழையில், எத்தனை குழிகளுக்குள் உட்கார்ந்து ஜாயிண்டர்கள் அந்த நிறங்களைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள்! இன்று உன் வீட்டு இணையம் ஓடுவதும் அதே நிற வரிசையில்தான் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. முனையில் கனெக்டர் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு வழிவிட்டுப் பிரிந்து நிற்பது பிழை அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றால் காற்றைக் குறை சொல்லாதே. எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகப் பதியவில்லை, அதனால் இணைப்பு 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100க்கு இறங்கிவிட்டது என்று பொருள். அல்லது பழைய ரவுட்டரின் துளையே 100தான் தரும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிடு.

இனி வழி. சுவரைத் துளைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு துளைக்கருவியின் அதிர்ச்சியில் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். அதே பளபளப்போடு திரும்பப் பூசும் கைகள் இன்று மிகக் குறைவு. அதோடு வீடு வீட்டுக்கார ஆச்சி ஒருவருடையது மட்டும் அல்ல, பங்காளிகள் பலருக்கும் அதில் பாத்தியம் உண்டு. நீங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஆச்சியிடம் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. கதவு நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரங்கள் வழியாகவே கேபிள் போய்விடும். வளவில் தாழ்வாரத்து உத்திரத்தின் மேல் பக்கமாகக் கிடத்தினால் கீழே நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது.

தூரம் மிச்சம் என்று நினைத்து வளவின் திறந்தவெளிக்குக் குறுக்கே மட்டும் இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால், வெட்டவெளியில் தொங்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு முனைக் கருவிகளும் கருகிவிடும். தாழ்வாரத்தைச் சுற்றியே வரட்டும். மின்கம்பி போகும் குழாய்க்குள்ளும் இதை நுழைக்கக்கூடாது.

சானல் பற்றி நீ கேட்டிருந்தாய். 2.4இல் 13 சானல்கள் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பயன்படுத்த மூன்றுதான் உண்டு: 1, 6, 11. முகப்புக்கு 1, இரண்டாம் கட்டுக்கு 11 என்று வை. சானல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் முகப்புக்கு 36, உனக்கு 149. இடையிலுள்ள 52 முதல் 144 வரையிலான சானல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. அங்கே வைத்தால் கருவி குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும், ரேடார் சாயல் தெரிந்தால் சொல்லாமல் வேறு சானலுக்கு மாறிவிடும்.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போதுதான் ஆச்சி தொலைபேசியோடு அடுப்படிப் பக்கம் நடந்து வரும்போது அது தானாக இரண்டாம் கட்டுக் கருவிக்கு மாறும். எப்போது மாறுவது என்று முடிவு செய்வது தொலைபேசிதான், ரவுட்டர் அல்ல. சில தொலைபேசிகள் பழையதையே பிடித்துக்கொண்டு விடமாட்டா. அப்படி நடந்தால் முகப்பு ரவுட்டரின் அலைபரப்புச் சக்தியை நடுத்தரத்துக்குக் குறை. கூட்டினால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரவுட்டரின் குரல் உரத்துக் கேட்டாலும் தொலைபேசியின் சின்ன ரேடியோ திரும்பப் பேசி அங்கே எட்ட வேண்டுமே.

பாதுகாப்பை ஒத்திப்போடாதே. நிர்வாகக் கடவுச்சொல் ‘அட்மின்’ என்றே இருந்தால் இன்றே மாற்று. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். குறியாக்கம் டபிள்யூ.பி.ஏ.2 இருக்கட்டும். டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் நல்லது, ஆனால் ஆச்சியின் பழைய தொலைபேசி அதில் சேராமல் போகக்கூடும். மாலையில் சிங்கப்பூரிலிருந்து பேரன் முகம் பார்த்துப் பேசுவதற்காகத்தான் அவர் அந்த இணைப்பையே வாங்கினார். உன் வேலைக்காகச் செய்யும் எதுவும் அதைக் கெடுக்கக்கூடாது. பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடு.

கோளாறு வரும்போது என்ன செய்வது என்பதைத்தான் நீ மனத்தில் நிறுத்த வேண்டும். நான் இணைப்பகத்தில் சோதனை மேசையில் இருந்தவள். புகார் வந்ததும் நாங்கள் லைன்மேனை ஓடச் சொல்லமாட்டோம். வெளிக்கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பிரதானச் சட்டகத்தில் கம்பியைப் பிரித்து, பழுது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முதலில் அளப்போம். பாதியை விலக்கிவிட்டால் மீதிப் பாதியில் தேடினால் போதும். மழை பெய்த மறுநாள் வரும் புகார்கள் என்றால் எந்த இணைப்புக் குழியில் தண்ணீர் புகுந்திருக்கும் என்பதுகூடத் தெரிந்துவிடும். அதனால்தான் நேரத்தைக் குறித்து வை என்று உன்னிடம் ஓயாமல் சொல்கிறேன்.

இணையம் நின்றால் முதலில் முகப்புக் கருவியில் விளக்கைப் பார். எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னினால் ஒளியிழையில் வெளிச்சம் வரவில்லை. வீட்டுக்குள் நீ செய்ய எதுவும் இல்லை, இணைப்புத் தந்தவர்களைக் கூப்பிடு. விளக்கு சரியென்றால் உன் மேசையிலிருந்து பழைய ரவுட்டரின் 192.168.1.2க்கு பிங் கொடு, அதாவது பதில் வருகிறதா என்று கணினியில் சோதித்துப் பார், அடுத்து முகப்பின் 192.168.1.1க்கு, அதன் பிறகு வெளியே கூகுளுடைய 8.8.8.8க்கு. முதலாவதே தவறினால் பழுது உன் அறைக் காற்றில் இருக்கிறது. இரண்டாவதில் தவறினால் கேபிளில் அல்லது கனெக்டரில். மூன்றாவதில் மட்டும் தவறினால் வீட்டுக்கு வெளியே. மூன்றும் சரியாக வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். பக்கம் பார். உன் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவையும் பார்த்துவிட்டு, தேவையென்றால் கருவியை அணைத்துப் போடு. எடுத்த எடுப்பில் அணைத்துப் போட்டால் அப்போதைக்குச் சரியாகும், காரணம் என்னவென்று தெரியாமலே போய்விடும்.

மின்தடைக்கு இரண்டு கருவிகளுக்கும் சின்ன யு.பி.எஸ். வைக்கலாம். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் ஒரு கயிற்றை வைத்து முகப்பிலிருந்து தாழ்வாரம் வழியாக உன் அறைவரை அளந்து, எந்தெந்தத் துவாரங்கள் திறந்திருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். இரண்டு முனையிலும் மூன்று மீட்டர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஏணியில் ஏறும்போது நீ கீழே பிடித்துக்கொண்டு நில். கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் கேபிள் டெஸ்டரும் என்னிடம் இருக்கின்றன. கேபிள் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல், காலைப் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், முனைகளை நானே போட்டுத் தருகிறேன். ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அம்மா