டெண்டர் எழுதும் மேசைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, மற்றும் ஒவ்வொரு துறையிலும் மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் அலுவலர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

நிரலாளர் எழுதிய மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் திறமூல மென்பொருள் என்றதும் அலுவலகங்களில் இன்னும் அதே பழைய கேள்விதான் வருகிறது: மேசைக்கணினியில் விண்டோஸா, லினக்ஸா? 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்த காலத்தில் அது கேட்க வேண்டிய கேள்விதான். இன்று ஓர் எழுத்தர் காலையில் வந்து உட்கார்ந்ததும் திறப்பது உலாவியைத்தான். கோப்பு, பட்டா, சான்றிதழ், சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவே கேள்வி மேசையை விட்டு சர்வர் அறைக்குப் போய்விட்டது. அங்கே லினக்ஸ் இயங்குதளம், என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சர்வர், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் என்று பெரும்பாலும் திறமூலம்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும் ஒப்பந்ததாரர் மாறினால் செயலியை முதலிலிருந்து எழுத வேண்டிய நிலை வருகிறதென்றால், அதற்குக் காரணம் டெண்டரில் விட்டுப்போன சில வரிகள். அவற்றைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் உரிமம். பரவலான திறமூல உரிமமான ஜிபிஎல் மூலநிரலைக் கொடுக்கச் சொல்வது, மென்பொருளின் பிரதி இன்னொருவர் கைக்குப் போகும்போது. வலைச்செயலியில் பிரதி எங்கும் போவதில்லை, திரையில் விடை மட்டுமே வருகிறது. பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சாம்பார் வரும், சமையல் குறிப்பு வராது. 2007 நவம்பரில் வெளியான, ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமத்தின் 3-ஆம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்கவே எழுதப்பட்டது. நிரலை மாற்றி வலைவழியே சேவையாகத் தருபவர், அதைப் பயன்படுத்துவோருக்கு அந்த மாற்றிய மூலநிரல் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. மக்கள் பயன்படுத்தும் சேவைகளுக்காக அரசுப் பணத்தில் எழுதப்படும் நிரலுக்கு ஏஜிபிஎல் என்று டெண்டரிலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். ‘திறமூல அடிப்படையிலான தீர்வு’ என்ற சொற்றொடரை எடுத்துவிடுங்கள். அது எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது.

ஆனால் உரிமம் கொடுப்பதற்கு முன் பதிப்புரிமை கையில் இருக்க வேண்டும். ‘அரசுக்காக எழுதியது, ஆகவே அரசுக்குச் சொந்தம்’ என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அரசுப் படைப்பைப் பற்றி அப்படிச் சொல்வது உண்மைதான், ஆனால் மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மட்டும். ஒப்பந்ததாரரின் மாதிரிப் படிவத்தில் ஒரே ஒரு வரி மாறாக இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எழுதி வாங்கினாலும் 19-ஆம் பிரிவில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றிப் பெற்ற உரிமையை 1 ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். ஆகவே பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாமல் இருந்தாலும் செல்லும் என்று மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒப்பந்ததாரர் முன்பே எழுதி வைத்திருந்த நிரலை உள்ளே சேர்த்தால், எந்தக் கோப்புகள் என்று பட்டியல் வாங்கி, அவற்றுக்கு மட்டும் நிரந்தர உரிமம் பெறுங்கள்.

அடுத்தது, எந்த மென்பொருளின் மேல் கட்டுகிறோம் என்பது. திறமூலம் என்று இருந்துவிட்டு உரிமம் மாறியவற்றின் வரிசை நீண்டுகொண்டே போகிறது: 2021-இல் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள், 2023-இல் சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம், 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம். பழைய பதிப்புகள் பழைய உரிமத்திலேயே இருக்கும், புதிய பதிப்புகளுக்குத்தான் நிபந்தனை மாறும். ரெடிஸ் மாறிய சில நாள்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025-இல் ரெடிஸ் நிறுவனமே ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. முன்கூட்டியே எச்சரிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பங்களிப்பவர்கள் எல்லாரும் தங்கள் நிரலை எந்த உரிமத்திலும் வெளியிடும் அதிகாரத்தை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால், அந்த நிறுவனம் நாளை மனம் மாறலாம். போஸ்ட்கிரெஸ் போல ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இல்லாதவற்றை முதலில் பாருங்கள். டெண்டரில் பெயரைக் குறிப்பிடாமல், என்ன வேலை செய்ய வேண்டும், எந்த நெறிமுறையில் பேச வேண்டும் என்று எழுதினால் மாற்றிக்கொள்ளவும் எளிது.

இனி தமிழ். ‘யூனிகோடு ஆதரவு இருக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியோடு டெண்டர்கள் நின்றுவிடுகின்றன. எல்லாச் செயலியும் அதில் தேர்ச்சி பெற்றுவிடும். சோதிக்க வேண்டியவை வேறு.

‘தமிழ்நாடு’ என்ற சொல்லில் நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறியிடம், அதாவது எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட். பெயர்ப் புலத்துக்கு 20 என்று அளவு வைத்தால், அது எதில் 20? சில தரவுத்தளங்களில் இயல்பான கணக்கு பைட்டில்தான், அங்கே ஆறு குறியிடத்தோடு பெயர் அறுந்துவிடும். குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 குறியிடம்தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கட்டணம் விழும். வார்ப்புருவை எழுதுபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்து தேடல். ‘கொ’வை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு சொல். ஒரே எழுத்தின் வேறு வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை உள்ளீட்டிலேயே செய்தால் இது தீரும். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இதற்கான செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. இயல்பாக்கம் தீர்க்காதவையும் உண்டு. ‘ஸ்ரீரங்கம்’ என்பதன் முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த நிரலாளர் ஆர்வத்தில் கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றினால், மீன்வளத் துறையின் ‘கெளுத்தி’ உடைந்துபோகும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்ற வேண்டும். அதையும் தேடலுக்கான தனிப் புலத்தில் மட்டுமே செய்ய வேண்டும். மக்கள் தந்த மூலப் பெயரைத் தொடக்கூடாது.

வரிசைப்படுத்தலில் வேறொரு சிக்கல். யூனிகோடு எண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நமக்கோ அது மெய்வரிசையின் கடைசி எழுத்து. எண் வரிசையை நம்பிய பட்டியலில் மனோகரன் முதலில் வருவார், மருதமுத்து பிறகு வருவார். அச்சுப் பட்டியலில் பெயரைத் தேடுபவர் தவறான பக்கத்தில் தேடுவார். போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியு என்ற யூனிகோடு நிரல்நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தலாம், அதைக் கட்டாயமாக்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இயங்குதளத்தின் வரிசையையே நம்பியிருந்தால், இயங்குதளத்தை மேம்படுத்தும்போது அது மாறலாம். 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-இல் அப்படித்தான் மாறியது. பழைய வரிசையில் கட்டிய அகரவரிசைச் சுட்டு (தேடலுக்கான அட்டவணை) புதிய வரிசையில் பொருந்தாமல் போக, இருக்கிற பதிவையே ‘இல்லை’ என்றது தரவுத்தளம். ஒன்றே இருக்க வேண்டிய புலத்தில் இரட்டைப் பதிவுகளும் நுழைந்தன. ஐசியுவிலும் பதிப்பு மாறும், ஆனால் பதிப்பு எண்ணைத் தரவுத்தளம் குறித்துவைத்து எச்சரிக்கும். எதுவானாலும், இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு எழுத்துப் புலங்களின் சுட்டுகளை மறுபடி கட்டுவதைப் பராமரிப்புப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

சான்றிதழ் அச்சுக்கு ஒரே ஒரு சொல் போதும்: கொடைக்கானல். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகம் என்றால் ‘டை’யின் இணைக்கொம்பு டகரத்துக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே பிடிஎஃப்பிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டியும் பாருங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிக்கப்போவது அந்த ஒட்டிய வடிவத்தைத்தான். பழைய நில ஆவணங்களை எண்மமாக்கும் துறைகளுக்கு ஒரு சொல்: நன்செய், புன்செய்க் குறிகளும் பின்னக் குறிகளும் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்தன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மூன்று பைட்டோடு நிற்கும் பழைய யூடிஎஃப்-8 அமைப்பில் அவை ஏறாது, நான்கு பைட் அமைப்பு வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாங்கள் வற்புறுத்திக் கேட்பது வெளியேறும் ஒத்திகை. மூலநிரல் ஒரு குறுந்தட்டில் வந்து பீரோவில் உறங்குவதால் பயனில்லை. அதை வேறொருவர் ஓடவைக்க முடியுமா என்பதே சோதனை. 4 பிராசசர் கருவகமும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரு வெற்று மெய்நிகர் கணினி, அதில் புதிதாக நிறுவிய டெபியன் லினக்ஸ், நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியம், நேற்றிரவின் பேக்கப், இவ்வளவுதான். சிறிய, நடுத்தரச் செயலிகளுக்கு இது போதும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் விசைப்பலகையைத் தொடக்கூடாது. அந்தச் செயலியை முன்பின் பார்த்திராத இருவர் ரீட்மி என்ற நிறுவல் குறிப்புக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே வேலைநாளில் அதை எழுப்ப வேண்டும். எழுந்த செயலியில் ஒரு பழைய விண்ணப்பத்தைத் தேடி, இணைப்பைத் திறந்து, சான்றிதழை அச்சிட வேண்டும்.

எங்கே நிற்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தரவுத்தளத்துக்குப் பேக்கப் இருக்கும், மக்கள் பதிவேற்றிய ஸ்கேன்கள் கிடக்கும் கோப்புறைக்கு இருக்காது. இரவு வேலைகளின் கால அட்டவணை சர்வரில் மட்டும் இருக்கும், களஞ்சியத்தில் இருக்காது. சர்வரின் ஐபி முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ் எழுத்துரு நிறுவப்படாததால் சான்றிதழில் கட்டம் கட்டமாக வரும். குறுஞ்செய்தி நிறுவனம் பழைய முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்று, தரவைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவி. அது தொலைந்தால் மறையாக்கிய புலங்கள் அனைத்தும் குப்பை. சாவியின் பிரதியை முத்திரையிட்ட உறையில், இரண்டு அலுவலர் கையொப்பத்தோடு, பேக்கப் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறொரு பெட்டகத்தில் வையுங்கள். ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காட்டை ஒத்திகை தேறும்வரை நிறுத்திவையுங்கள். பராமரிப்புக் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி நடத்துங்கள்.

‘மூலநிரலைத் திறந்துவைத்தால் ஹேக் செய்துவிட மாட்டார்களா?’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். திறக்கக்கூடாதது பாஸ்வேர்டும் சாவியும், நிரல் அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும்: கிட்டில் ஒரு பாஸ்வேர்டை நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். திறப்பதற்கு முன் வரலாறு முழுவதையும் அலச வேண்டும், ஒருமுறை உள்ளே போன பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். அரசு நிரலைத் திறப்பது ஒன்றும் புதுமையல்ல. செயலிகளின் மூலநிரலைத் திறந்து பிற துறைகளும் பயன்படுத்த வழிசெய்யும் கொள்கையை ஒன்றிய அரசு 2015-இலேயே வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கு, சில விலக்குகளோடு, இது சட்டக் கடமை.

மூடிவைப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. 2021 டிசம்பரில், ஜாவா செயலிகளில் நிகழ்வுப் பதிவுகளை எழுதும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது, தங்கள் செயலிக்குள் அந்த லைப்ரரி இருக்கிறதா என்றே தெரியாதவர்கள் சர்வர் சர்வராகத் தேட வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த கள்ளக்கதவு பிடிபட்டதே, எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் கவனித்ததால்தான். அதை இயக்கும் வரி பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வெளியீட்டோடும் லைப்ரரிகளின் பெயர், பதிப்பு, உரிமம் கொண்ட பட்டியலை, இதற்கான பொது வடிவங்களான எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன்டிஎக்ஸில் கேளுங்கள். இதற்கு ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கையிலிருக்கிறது, அதன் நடப்புப் பதிப்பைச் சுட்டினாலே போதும்.

உலாவி பற்றிச் சுருக்கமாக. ஃபயர்ஃபாக்ஸிலும் ஓட வேண்டும், 3 ஜிபி நினைவகமுள்ள கைபேசியிலும் ஓட வேண்டும். இ-சேவை மையத்தில் நான்காம் பக்கத்தை நிரப்பும்போது மின்சாரம் போனால், திரும்பி வரும்போது மூன்று பக்கமும் அப்படியே இருக்க வேண்டும். வரைவை உலாவியின் உள்தரவுத்தளத்தில் சேமித்தால் இது நடக்கும். பொதுக்கணினி என்பதால், விண்ணப்பம் போனதும் அந்த வரைவை அழிக்கவும் வேண்டும்.

அடுத்த நிதியாண்டின் டெண்டர்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளில் சிறியதாக ஒன்றை எடுத்து, இந்த மாதமே ஒத்திகையை நடத்திப் பாருங்கள். மூலநிரல் கேட்டுக் கடிதம் அனுப்பிய நாளையும், அது வந்து சேர்ந்த நாளையும் கோப்பில் தேதியிட்டுக் குறித்துவையுங்கள்.

இப்படிக்கு,
வலைச்செயலிகளை எழுதியும் பராமரித்தும் வரும் தமிழ் நிரலாளர்கள் சிலர்