படிவத்தின் பின்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு அலுவலகங்களில் கல்லூரி மாணவர்கள் செய்யும் இன்டர்ன்ஷிப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்பதுதான் அதில் பெரும்பகுதி. அந்த மாணவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வரும் விஷயம் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பந்தலூர்க்காரி. கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தேன். கடைசி செமஸ்டரில் ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது வகுப்பு இல்லாமல் முழுநேரப் பயிற்சி, போக வேண்டும். நீலகிரியிலேயே ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நலத்திட்டங்கள் மக்களைப் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்டறிந்து அறிக்கை தயாரிக்கும் வேலை. சொந்த ஊர் ஜனங்களைப் பற்றிய ஆய்வு என்று ஆசையாகப் போனேன். முதல் மூன்று வாரமும் மற்றவர்கள் நிரப்பி வந்த படிவங்களைக் கணினியில் ஏற்றினேன். யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. அங்கே ஆள் பற்றாக்குறை, எனக்கு டைப்பிங் தெரியும், அவ்வளவுதான்.

ஏற்றும்போதே ஒன்று கண்ணில் பட்டது. 'குடியிருக்கும் வீடு' என்ற கேள்விக்கு மூன்று பதில்கள்: 1 சொந்தம், 2 வாடகை, 3 மற்றவை. குன்னூர், கோத்தகிரி படிவங்களில் ஒன்றும் இரண்டுமாக வந்துகொண்டிருந்தது, எங்கள் பக்கத்துப் படிவங்கள் வந்ததும் மூன்று மூன்றாக வர ஆரம்பித்தது. பக்கத்தில் விவரம் எழுத ஒரு கோடு உண்டு. பெரும்பாலும் அது காலி.

கூடலூர், பந்தலூர் ஆட்களுக்கு அந்த மூன்றின் கதை தெரியும். இந்தப் பக்கம், கேரளத்து நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்ம நிலம், அதாவது ஜமீன் மாதிரி பரம்பரைச் சொத்து. 1969-ல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. எஸ்டேட்டுகள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலங்கள் அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுக்குள் போயின. கோர்ட்டு, வழக்கு என்று அரை நூற்றாண்டாக அது இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்தில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா கிடையாது. அப்புறம், தோட்டத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்களே, அதாவது டேன்டீ, உருவானது. தொழிலாளர்களுக்குத் தோட்டம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருப்பவருக்கு அது சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. இத்தனை வரலாறும் கணினியில் ஒரே ஒரு எண்.

கடைசி வாரம் நான்கு நாள் களத்துக்கு அனுப்பினார்கள். ஜீப் ஊருக்குள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அந்த நேரத்தில் லைனில் யார் இருப்பார்கள்? எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டு 'பூட்டிய வீடு' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். சாயங்காலம் எடை போட்டு முடித்து ஜனங்கள் வீடு திரும்பும்போது எங்கள் ஜீப் கூடலூர் தாண்டியிருக்கும். யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதும் நியாயம்தான்.

என் வீடு பக்கம் என்பதால் ஒருநாள் நான் ஜீப்பில் திரும்பாமல் அங்கேயே தங்கிக்கொண்டேன். தெரிந்த அக்கா ஒருவர் வயதான ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனார். இலங்கையில் பதுளைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். வீட்டுக்காரர் டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் மண் சுவர் எழுப்பி தகரம் போட்டிருக்கிறார்கள். அது பிரிவு 17 நிலம். வீடு சொந்தமா என்று கேட்டேன்.

"கட்டுனது நாங்க. ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இருக்கு. பட்டா குடுக்க மாட்டேங்கிறாங்க. இது யாரு வீடுன்னு நீயே சொல்லும்மா" என்றார்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். படிவத்தின் பின்பக்கம் முழுவதும் எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் அதை ஏற்ற உட்கார்ந்தபோது பின்பக்கத்துக்குக் கணினியில் இடமே இல்லை. அந்த அம்மாவுக்கும் 3 என்றுதான் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் 7.35 லட்சம் பேரில் பழங்குடிகள் 32 ஆயிரத்துச் சொச்சம்தான். அதற்குள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள். மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக சாம்பிள் எடுத்தால் சில சமூகங்களுக்கு ஒன்றிரண்டு வீடுகூட விழாது. விழுந்த வீட்டிலும் பதினொரு மணிக்குப் போய், தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்டி, பத்து நிமிடத்தில் எழுந்தால் என்ன கிடைக்கும்? பணியர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஒரு பெரியவர் 'ஆமா' என்றே சொன்னார். காகிதத்தோடு வந்தவர்கள் சீக்கிரம் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த 'ஆமா' எல்லாம் திட்டம் போய்ச் சேர்ந்ததற்கான கணக்கில்தான் சேர்ந்தது.

பிரிட்டனில் அரசுத் துறைகளுக்குள்ளேயே சமூக ஆய்வுக்கென்று தனிப் பணிப்பிரிவு இருக்கிறது. பட்டப்படிப்பின் நடுவே மாணவர்களை அங்கே சுமார் ஒரு வருடம் சம்பளத்தோடு வேலைக்கு எடுக்கிறார்கள். நமக்கு ஒரு வருடம் வேண்டாம், ஒரு செமஸ்டர் கொடுக்கலாமே. முதல் மாதம் ஊரில் முகம் பழகவே சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் உண்மையைப் பேசுவார்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாட்டுச் செலவுமாவது கொடுங்கள். எனக்கு இரண்டுமே கைக்காசு. தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் லைன் வீட்டின் கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பது அந்தப் பிள்ளையைத்தான். ஊட்டி பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் 1983 முதல் பழங்குடியினர் ஆய்வு மையமே இருக்கிறது. கூடலூர், ஊட்டி அரசுக் கல்லூரிகளில் படிக்கும் மலைப் பிள்ளைகளை, முக்கியமாக அந்த ஆறு சமூகங்களின் பிள்ளைகளை, இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு முதலில் எடுங்கள். தங்கள் மொழியிலேயே கேட்பார்கள்.

அறிக்கை வந்ததும் அதை ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் வேலையையும் அந்த மாணவருக்கே கொடுக்கலாம். நாங்கள் போன ஊர்களில் ஒன்றுக்குக்கூட அந்த அறிக்கை திரும்பிப் போகவில்லை.

என் தங்கைக்கு வரும் ஜூனில் பிளேஸ்மென்ட். அவளுக்கும் 30 நாள்தான். தேவாலா பக்கம் மழை பிடித்துக்கொண்டால் அதிலும் பாதி நாள் வெளியே இறங்க முடியாது. நேரத்தைக் கூட்டுவதற்கு அரசாணை, அனுமதி என்று நாளாகும், புரிகிறது. படிவத்தின் பின்பக்கத்தை ஏற்றக் கணினியில் ஒரு இடம் வைப்பதை மட்டுமாவது அவள் போவதற்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் சமூகப்பணி மாணவி,
பந்தலூர், நீலகிரி.