பாட்டில் எங்கே போகும்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் மரக்கன்று நட்ட படங்களைப் பக்கம் நிறையப் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் நட்டார்கள். போன வருஷம் நட்டதை ஆடு தின்றுவிட்டதால் குழி தயாராகவே இருந்தது.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடமும் வந்தது, மார்க்கும் வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஓசோன் ஓட்டையைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் பெயரைக் கேட்டால் முழிப்பாள்.

போன குறுவையில், ஆற்றில் தண்ணீர் வந்து ஒரு மாதம் கழித்து, அறிவியல் டீச்சர் வகுப்பையே மதகடிக்குக் கூட்டிப் போனார். கையில் டீ வடிகட்டியும் ஒரு வெள்ளைக் கிண்ணமும்தான். சேற்றை அள்ளி அலசியதில் நத்தை, நண்டுக்குஞ்சு, அப்புறம் ஆறு காலோடு அவலட்சணமாக ஒரு பூச்சி. அது தட்டானின் குஞ்சாம், கொசுப்புழுவைத் தின்று வளருமாம். அறுபது வருஷமாக அதே வாய்க்காலில் கால் கழுவுகிற எனக்கே தெரியாது.

வம்பு அதற்குப் பிறகுதான். களைக்கொல்லி அடித்துவிட்டு பாட்டிலை வாய்க்காலில் அலசி அப்படியே விடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். நானும் விட்டேன். வரப்பில் நின்றிருந்த பேத்தி, “தாத்தா, அது எங்க போவும்?” என்றாள்.

“பாமணியாத்துக்கு.”

“அங்கேருந்து?”

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கஜா புயல் 2018-ல் முறித்துப் போட்டதே, அதே காடுதான். “அப்ப தட்டான் குஞ்செல்லாம்?” என்று அடுத்த கேள்வி. ஓசோனைச் சொல்லித் திட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

வெயிலில், பாம்பு கிடக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனதற்குச் சில பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான பயம்தான். துணைக்கு ஊர்க்காரர் இரண்டு பேரை அனுப்பினால் போயிற்று, நானே வருவேன். ஆனால் அந்த டீச்சர் மாறுதலில் போய்விட்டார். பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றத்தின் பெயர் மட்டும் பள்ளிப் பலகையில் இருக்கிறது. தண்ணீர் வரும்போது ஒரு நாள், சம்பா நடவில் ஒரு நாள், அறுவடைக்குப் பின் ஒரு நாள் என்று வயலுக்கு வருவதைப் பாடத்திட்டத்திலேயே கல்வித்துறை எழுதி வைத்தால் டீச்சர் மாறினாலும் நடக்கும்.

இப்போது பாட்டிலை அலசிய தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிடுகிறேன். காலி பாட்டில்கள் மோட்டார் கொட்டகையில் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன. யாரிடம் கொடுப்பது என்று வாரம் தவறாமல் கேட்கிறாள். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்