ரப்பர் தோட்டத்தில் எந்த ஷீட்?

அன்புள்ள மருமகனுக்கு,

குலசேகரத்துத் தோட்டத்தை நீ ஏற்றெடுத்த நாள்முதல் ‘ஷீட்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கூட வரும் வினையைக் கவனி, பொருள் பிடிபட்டுவிடும்.

மே மாதம் பால் வெட்டுக்காரர் “ஷீட் போடணும்” என்றால் மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வெட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டி, காய்ந்திருக்கும்போதே தார்ப்பசை தடவி, பாவாடைபோலச் சுருக்கு வைத்து ஒட்டவேண்டும். ஈரப்பட்டையில் ஒட்டினால் இடுக்கு விழும். தண்ணீர் அதுவழி இறங்கி ரப்பர் பாலைக் கழுவிக்கொண்டு போகும், வெட்டுப்பட்டையும் அழுகும்.

“ஷீட் அடிக்கணும்” என்றால் பால் உறையவைத்து மிஷினில் இழுப்பது. காசு நிற்பதும் போவதும் இங்கேதான். பாலை 40, 60 கண் சல்லடைகளில் அரித்து, ரப்பர் 12.5 சதவீதம் வரும்வரை தண்ணீர் சேர். ஒன்றரை லிட்டர் நல்ல பாலுக்குச் சுமார் இரண்டரை லிட்டர். மழைநாள் பாலுக்குக் குறைவு. அந்த 4 லிட்டர் ஒரு டிஷ் (பால் உறையவைக்கும் தட்டு), அரைக்கிலோ ஷீட்.

பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டை அப்படியே ஊற்றாதே. லிட்டர் தண்ணீரில் 5 மில்லி கலக்கு. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை விடவேண்டும். மறுநாள் அடிக்க டிஷ்ஷுக்கு இந்தக் கலவை சுமார் 200 மில்லி போதும், அன்றே அடிப்பதென்றால் கூட்டு. பாலில் கலக்கியதும் நுரையை வழித்தெடு. விட்டால் ஷீட்டில் குமிழாகவே நிற்கும். காலையில் உறைந்த பாலைச் சுற்றி நிற்கும் தண்ணீரைப் பார். தெளிந்திருந்தால் ஆசிட் சரி, வெளுத்துக் கலங்கியிருந்தால் குறைவு.

வழவழப்பான ரோலில் 3 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கி, பிறகு வரி ரோலில் விடு. வரி அழகுக்கல்ல, காற்றுபடும் பரப்பு கூடி சீக்கிரம் உலரத்தான். கழுவி நிழலில் நீர் வடியவிட்டு, புகைப்புரையில் (புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையில்) 40 முதல் 60 டிகிரியில் நான்கு நாள். சூடு மிஞ்சினால் கொப்புளிக்கும், ஒட்டும். தடித்த ஷீட்டில் உள்ளே வெள்ளைத்திட்டு தங்கி, அடுக்கிவைத்ததும் பூஞ்சை பிடிக்கும்.

“புரைக்கு ஷீட் மாத்தணும்” என்றால் கூரை. ஓட்டை கண்டால் அன்றே மாற்று.

“ஷீட் என்ன விலை?” என்றால் பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ். 4, அதாவது வரி போட்டுப் புகையில் உலர்த்திய ஷீட்டில் (ribbed smoked sheet) நான்காம் தரம். தரம் 1 முதல் 5 வரை, கண்ணால் பார்த்தே பிரிப்பது. கடைக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு ஷீட்டையும் நீயே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். குமிழும் தூசியும் உள்ளதைத் தனியாகக் கட்டு. நல்லதோடு கலந்தால் மொத்தக் கட்டுக்கும் விலை குறைப்பார்கள்.

அன்புடன்,
மாமா