கடைத்தெருவும் பழைய பூங்காவும்: ஞாயிறு கணக்கெடுப்பு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பூங்காவின் பெரிய வாசலில் கூடுகிறோம். 9 மணிக்குள் முடிந்துவிடும்.

1. கடைத்தெருவுக்கு இருவர் இருவராகப் போகலாம். பூட்டிக் கிடக்கும் கடையின் கதவு எண், எத்தனை மாதமாக மூடியிருக்கிறது, மாடியும் காலியா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. நடைபாதையை டேப் வைத்து அளக்கவும். 1.8 மீட்டருக்குக் குறைந்தால் எது மறிக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக அவ்வளவு அகலம் வேண்டும்.

3. பெரிய மரங்களின் அடியை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டிருந்தால் படம் எடுங்கள். வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் உச்சிக்கிளை முதலில் காயும். அது கண்ணில் படவே சில வருஷம் ஆகும், அதனால்தான் இப்போதே பார்க்கச் சொல்கிறோம்.

4. பூங்காவின் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவரில் விரிசலை யாரும் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், நல்லெண்ணத்தில்கூட வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் பக்கத்துச் செங்கல் வழியாக வெளியேறும். உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். விரலால் தேய்த்தால் செந்தூள் ஒட்டுகிற இடங்களைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று எனப் படம் பிடியுங்கள். எதையும் சுரண்ட வேண்டாம்.

5. டேப், நோட்டு, தண்ணீர் கொண்டுவரவும்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் "தெரு" அல்லது "பூங்கா" என்று பதில் போடுங்கள். கடைக்காரர்கள் நான்கு பேராவது வந்தால்தான் முதல் வேலை சரியாக நடக்கும், தயவுசெய்து வாருங்கள்.