பக்கத்து சீட்டுக்காரருக்கு நன்றி
மூன்று வருடமாக எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி, பாதியில் மூடிவிடுவேன்.

போன ஞாயிறு கிருஷ்ணகிரியில் மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்கத்தான் தியேட்டருக்குள் போனேன். கால் மணி நேரத்தில் செல்போனை எடுத்துவிட்டேன். "தம்பி, வெளிச்சம் கண்ணைக் குத்துது, உள்ள வைங்க" என்றீர்கள். கோபம்தான் வந்தது. அப்புறம் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினீர்கள். மிளகாய்த்தூள் விரலெல்லாம் ஒட்டியது. இடைவேளையில் டீயோடு 1978-இல் வந்த 'முள்ளும் மலரும்' பற்றிப் பேசினீர்கள். மகேந்திரன் இயக்கிய முதல் படம், பாலு மகேந்திராவின் கேமரா, வசனத்தைவிட முகங்கள்தான் அதிகம் பேசும் என்று.

அன்று ராத்திரியே செல்போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு டிவியில் அதைப் பார்த்தேன். முழுசாக, சாதாரண வேகத்தில்.

பேர்கூடக் கேட்கவில்லை, தருமபுரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். ரொம்ப நன்றி ஐயா. கடலைக்கும் சேர்த்து.